எங்கிருந்து எங்கே அளந்த 8.9?

என் கழுத்து எம்.ஆர்.ஐ. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், விவரணை எல்லாம் முடிந்து மருத்துவரின் கையெழுத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறிய அட்டவணை இருந்தது. சி2–சி3 12.6, சி3–சி4 11.2, சி4–சி5 10.4, சி5–சி6 8.9, சி6–சி7 9.8, சி7–டி1 12.1. தலைப்பில் தண்டுவடக் கால்வாயின் முன்பின் அளவு, மில்லிமீட்டரில், என்று மட்டுமே போட்டிருந்தது. சி என்பது கழுத்து முள்ளெலும்பு, டி என்பது அதற்குக் கீழே முதுகின் முள்ளெலும்பு; அவற்றின் நடுவே தண்டுவடம் என்னும் நரம்புக் கற்றை ஓடும் வழிதான் கால்வாய். நம் ஊர் ஸ்கேன் மையங்களில் கழுத்துக்கோ இடுப்புக்கோ எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் பெரும்பாலோரிடம் இப்படி ஓர் அட்டவணை இருக்கும். பலரும் அறிக்கையில் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். புரியாத சொற்களுக்கு நடுவில் எண்கள் மட்டுமே புரிந்ததுபோலத் தோன்றுவது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நான் கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகளாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் ஹைட் கேஜும் எனக்குக் கரண்டி, தோசைத்திருப்பி போல. அளவு என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண் சரியா தவறா என்று யோசிப்பதற்கு முன்பே எங்கிருந்து எங்கே அளந்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், மறுபடி அளந்தால் அதே எண் வருமா என்னும் மூன்று கேள்விகள் தாமாக வாயில் வந்துவிடும். சொந்தக் கழுத்தின் அறிக்கையைக் கையில் வாங்கிய அன்று மட்டும் இந்த மூன்றும் எனக்கு மறந்துபோயின. 8.9 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வலி தொடங்கி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. பிடரியின் அடிப்பகுதியில் ஆரம்பித்து வலது தோள்பட்டை எலும்பு வரை இறங்கும் ஆழ்ந்த வலி. காலையில் குறைவு, மாலை நான்கு மணிக்குமேல் தலையைத் தாங்கிக்கொண்டு இருப்பதே ஒரு வேலையாகிவிடும். கைக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை. வழக்கம்போல முதலில் தைலம், பிறகு வெந்நீர் ஒத்தடம், பிறகு எதிர்வீட்டார் கொடுத்த கழுத்துப் பட்டை. அறிக்கை வந்த அன்று மாலை வீட்டுக்கு வந்த என் மைத்துனர், அட்டவணையைப் பார்த்துவிட்டு, "மாமா, பத்துக்குக் கீழே வந்துட்டாலே ஆபரேஷன்தான். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு 9.2 இருந்தப்பவே பண்ணிட்டாங்க" என்றார். ஜவ்வு விலகியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது, கால்வாய் சுருங்கியிருக்கிறது, ஆகவே வலிக்கிறது என்ற கணக்கு எல்லோருக்கும் நேராகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பத்து மில்லிமீட்டர் என்ற எல்லைக்கோடு மைத்துனர் தாமாகக் கண்டுபிடித்ததன்று; அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1956இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை இதழில் வுல்ஃப், கில்னானி, மாலிஸ் என்ற மூன்று மருத்துவர்கள், இருநூறு பெரியவர்களின் கழுத்து எக்ஸ்ரேக்களை அளந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில், முள்ளெலும்பின் உடற்பகுதிக்குப் பின்விளிம்பில் நடுப்புள்ளியிலிருந்து, பின்னாலுள்ள எலும்பு வளைவின் உட்கோடு வரை உள்ள மிகக் குறைந்த தூரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது முதல் ஏழாவது முள்ளெலும்பு வரை அந்தத் தூரம் சராசரியாக 17 மி.மீ. அளவில் இருந்தது. பத்தும் அதற்குக் கீழும் இருந்தால் தண்டுவடம் நசுங்கும் வாய்ப்பு அதிகம், பதின்மூன்றுக்கு மேல் இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் வைத்த கணிப்பு. இன்றுவரை பாடநூல்களில் 13 என்பது குறுகலின் தொடக்கமாகவும் 10 என்பது தெளிவான குறுகலாகவும் நிற்பதற்கு அடித்தளம் இந்த வகை ஆய்வுகள்தாம்.

இங்கேதான் முதல் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் அளந்தது எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே, முள்ளெலும்பின் பாதி உயரத்தில். என் அறிக்கை அளந்திருப்பது சி5–சி6 என்று, அதாவது இரண்டு எலும்புகளுக்கு இடையே டிஸ்க் என்னும் ஜவ்வு இருக்கும் மட்டத்தில்; அங்கே முன்புறச் சுவர் எலும்பு அன்று, வயதில் சற்றே பிதுங்கிய டிஸ்க்கும் அதன் ஓரத்தில் வளர்ந்த எலும்பு முனையும்; பின்புறச் சுவர், எலும்பு வளைவுகளை இணைக்கும் மஞ்சள் தசைநார். ஒரு குழாயின் உள்விட்டத்தைப் பைப்பின் நடுவில் அளந்து எழுதிய வரைபடத்தை வைத்துக்கொண்டு, கேஸ்கெட் உள்ளே துருத்தி நிற்கும் இணைப்பில் அளந்த எண்ணைத் தள்ளுபடி செய்வது போன்ற காரியம் இது. டிஸ்க் மட்டத்து எண் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. தண்டுவடம் உண்மையில் நெருக்கப்படும் இடம் பெரும்பாலும் அதுதான். ஆனால் 1956ஆம் ஆண்டின் பத்தும் என் அறிக்கையின் 8.9உம் ஒரே அளவுகோலின் மேல் நிற்கவில்லை.

இரண்டாவது கேள்வி கருவியைப் பற்றியது. பக்கவாட்டு எக்ஸ்ரேயை ஆறடி தூரத்திலிருந்து எடுப்பது வழக்கம். தோள் குறுக்கே நிற்பதால் கழுத்தை ஃபிலிமோடு ஒட்டி வைக்க முடியாது, ஆகவே நிழல் எப்போதும் பொருளைவிடப் பெரியதாக விழும். கழுத்தின் நடுக்கோடு ஃபிலிமிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், நிழலின் பெருக்கம் ஆறுக்கு ஐந்து, அதாவது 1.2 மடங்கு. 17ஐ 1.2ஆல் வகுத்தால் 14.2 வருகிறது. 2007இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ள எலும்புக்கூடுகளில் 469ஐ எடுத்து, நிழலை விட்டு எலும்பையே நேராக அளந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் சராசரி 14.1 மி.மீ. என் வகுத்தல் வீட்டுத் திண்ணைக் கணக்கு, ஆளுக்கு ஆள் உடல்வாகும் மாறும் என்பதால் இந்த ஒற்றுமையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் ஒரே கால்வாய் ஒரு முறையில் 17 என்றும் இன்னொரு முறையில் 14 என்றும் அளக்கப்படக்கூடும் என்பதைப் புரிந்துகொண்டபோது, தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்பதின் மேல் எனக்கிருந்த மரியாதை குறைந்தது. எலும்புக்கூடு ஆய்வு குறுகலின் எல்லையை 12 என்று வைத்துக்கொண்டது. அந்த எல்லைப்படி பெரியவர்களில் 4.9 சதவிகிதத்தினரும், எழுபது வயதைக் கடந்தவர்களில் 9 சதவிகிதத்தினரும் குறுகிய கால்வாய் உடையவர்கள் என்று அது மதிப்பிட்டது.

எக்ஸ்ரேயின் பெருக்கத்தைத் தாண்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைப் படித்தபோது எங்கள் தொழில்காரர் ஒருவர் யோசித்ததுபோல இருந்தது. கால்வாயின் அளவை, அதே படத்தில் அதே மட்டத்தில் உள்ள முள்ளெலும்பு உடலின் அளவால் வகுத்துவிட்டால், இரண்டும் ஒரே விகிதத்தில் பெருகியிருப்பதால் பெருக்கம் அடிபட்டுப் போகும். 1986இல் அமெரிக்காவின் டார்க், பாவ்லவ் முதலியோர், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மோதி விழுந்து சில நிமிடங்களோ சில மணி நேரமோ கை கால் செயலிழந்து, பிறகு முழுமையாக மீண்ட ஆட்டக்காரர்களைப் பார்த்து இந்த விகிதத்தை முன்வைத்தார்கள். விகிதம் ஒன்றுக்கு அருகில் இருந்தால் இயல்பு; 0.8க்குக் கீழே போனால் கால்வாய் குறுகல்.

எங்கள் பட்டறையில் கோ–நோகோ கேஜ் என்று ஒன்று உண்டு: உள்ளே போனால் தேறியது, போகாவிட்டால் கழிவு. இந்த 0.8 அப்படி ஒரு கேஜாகிவிடும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களின் முள்ளெலும்புகள் உடம்புக்கேற்ப மிகப் பெரியவை. வகுக்கும் எண் பெரிதாக இருப்பதாலேயே, கால்வாய் நன்றாக இருப்பவர்களுக்கும் விகிதம் 0.8க்குக் கீழே வந்துவிடுகிறது என்று 1991இல் ஹெர்சாக் குழுவினர் காட்டினார்கள். 1996இல் டார்க் தாமே மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார். தற்காலிகச் செயலிழப்பு நேர்ந்தவர்களில் 93 சதவிகிதத்தினரை அந்த விகிதம் சரியாகப் பிடித்தது. ஆனால் விகிதம் குறைவாக இருக்கும் ஓர் ஆட்டக்காரருக்கு அந்த விபத்து நேரும் என்று முன்கூட்டிச் சொல்லும் திறன் வெறும் 0.2 சதவிகிதம். தாம் கண்டுபிடித்த கேஜின் தவறும் வீதத்தைத் தாமே அச்சிட்டுக் கொடுத்த மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. எங்கள் பிரிவில் இது அபூர்வம்.

இனி வலிக்கு வருகிறேன். இவ்வளவும் அளவைப் பற்றிய பேச்சு. அளவுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு வேறு விஷயம், அதுதான் என்னை மிகவும் குழப்பியது. கால்வாய் என்பது வெற்றிடம், வெற்றிடம் வலிக்காது. அதற்குள் ஓடும் தண்டுவடம் கழுத்தின் நடுப்பகுதியில் முன்பின்னாக ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. தடிப்புள்ளது, அந்தத் தண்டுவடத்தின் திசுவுக்கு, தன்னை அழுத்துவதைத் தோலைப்போல வலியாக உணரும் நரம்பு முனைகள் கிடையாது. கழுத்தில் வலியை எழுப்பக்கூடியவை டிஸ்கின் வெளிவளையம், முள்ளெலும்புகளின் பின்புறத்தில் இருபக்கமும் அமைந்த சிறு மூட்டுகள், அவற்றைச் சுற்றிய உறை, தசைகள், தசைநார்கள் ஆகியவை. அவற்றில் எதையும் மில்லிமீட்டர் அட்டவணை அளப்பதில்லை.

அந்தச் சிறு மூட்டுகளைப் பற்றி 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வை என்னைப் பார்த்த நரம்பியல் அறுவை மருத்துவர் சொன்னார்; பிறகு நானே தேடிப் படித்தேன். டுவையர், ஏப்ரில், போக்டக் ஆகிய மூவர், கழுத்து வலி இல்லாத ஐந்து தன்னார்வலர்களின் சிறு மூட்டுகளுக்குள் ஊசியால் திரவத்தைச் செலுத்தி, எந்த மூட்டு எந்த இடத்தில் வலியை எழுப்புகிறது என்று வரைபடம் போட்டார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள மூட்டின் வலி தோளின் மேற்பகுதியில் படர்ந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலுள்ளது தோள்பட்டை எலும்பின்மேல் இறங்கியது. வலிக்காத ஐந்து பேர் சம்மதித்து வலியை வாங்கிக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. என் வலி அந்தப் படத்தின்மேல் ஏறக்குறையப் பொருந்தியது. தேய்ந்த டிஸ்க்கும் அதே இடத்தில் வலியை எழுப்பக்கூடும் என்பதால் மூட்டுதான் குற்றவாளி என்று அறுதியிட முடியாது என்று மருத்துவர் சொன்னதையும் இங்கே சேர்த்துவிட வேண்டும்.

கைக்கு இறங்கும் வலி வேறு வகை. தண்டுவடத்திலிருந்து பக்கவாட்டில் பிரியும் நரம்பு வேர், எலும்புகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறு துவாரத்தின் வழியாக வெளியேறுகிறது. அங்கே டிஸ்க் பிதுங்கியோ எலும்பு முனை வளர்ந்தோ நெருக்கினால், கட்டைவிரலுக்கோ நடுவிரலுக்கோ சுண்டுவிரலுக்கோ மின்சாரம்போல இறங்குகிறது. ஆறாவது வேர் என்றால் கட்டைவிரல், ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல் என்பது பொது வழி. வாசலின் அகலத்தை அளந்துவிட்டு ஜன்னல் வழியே போன காற்றைக் கணக்கிட முடியாது. நடுக் கால்வாய் 15 மி.மீ. இருப்பவருக்கும் இந்தப் பக்கத் துவாரம் அடைபட்டுக் கை துடிக்கலாம். இந்த நோயின் போக்கைப் பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் 1994ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர், பின்னர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. ராதாகிருஷ்ணன் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் ஊரில் பதினைந்து ஆண்டுகளில் இந்த நோய் வந்த 561 பேரின் பதிவுகளை அவர் குழு ஆராய்ந்தது. கால்வாசிப் பேருக்கு அறுவை செய்யப்பட்டது. கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேர் தொல்லையே இல்லாமலோ சிறு தொல்லையோடோ இருந்தார்கள்.

வலி இல்லாதவர்களின் கழுத்தைப் படம் எடுத்தால் என்ன தெரியும் என்பது அடுத்த கேள்வி. 1990இல் போடன் குழுவினர், எந்தத் தொந்தரவும் இல்லாத 63 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அவற்றை நோயாளிகளின் படங்களோடு கலந்து, யாருடையது என்று சொல்லாமல் கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். 19 சதவிகிதம் பேருக்குக் கோளாறு இருப்பதாக அறிக்கை வந்தது. நாற்பதைக் கடந்தவர்களில் அது 28 சதவிகிதம். நாற்பதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய அறுபது சதவிகிதத்தினருக்கு ஏதாவது ஒரு மட்டத்திலாவது டிஸ்க் தேய்ந்திருந்தது. 2015இல் ஜப்பானில் நகாஷிமா குழுவினர் இதையே பெரிய அளவில் செய்தார்கள்: இருபதுகளிலிருந்து எழுபதுகள் வரை வயதுடைய, தொந்தரவில்லாத 1,211 பேர். 87.6 சதவிகிதத்தினருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படித்தான். தண்டுவடமே நெருக்கப்பட்டிருந்தவர்கள் 5.3 சதவிகிதம். அதாவது ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்ற வாக்கியம், தலை நரைத்திருக்கிறது என்பதைவிடக் கூடுதலாக எதையும் ஒரு மனிதரின் வலியைப் பற்றிச் சொல்வதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைப் படித்த பிறகு நான் மூன்று வாரம் குனியவே பயந்தேன். அந்தப் பயத்தில் தசைகள் இறுகி வலி கூடியது என்றே இன்று நினைக்கிறேன்.

கால்வாய் அளவுக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று முடிப்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் மறுபக்கத்திலும் சான்று இருக்கிறது. 1995இல் சுவீடனில் பெட்டர்சன் குழுவினர், கார் மோதலில் கழுத்து சாட்டைபோல உதறப்பட்டுக் காயமடைந்தவர்களின் கால்வாயை அளந்து பார்த்தபோது, நாட்பட்ட தொந்தரவு நீடித்தவர்களின் கால்வாய், குணமானவர்களுடையதைவிடக் குறுகலாக இருந்தது. அதற்கு முன்பே 1983இல் எட்வர்ட்ஸ், லராக்கா என்ற இருவர், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தார்கள்: பத்துக்குள் இருந்தவர்கள் தண்டுவடப் பாதிப்போடு வந்தார்கள், பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் அதன் விளிம்பில் இருந்தார்கள், பதினேழுக்கு மேல் இருந்தவர்கள் இந்த நோய்களில் அதிகம் சிக்கவில்லை. இவற்றை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கால்வாயின் அகலம் வலியைத் தருவதன்று, வேறு ஏதாவது நேரும்போது தாங்குவதற்கு உள்ள இடைவெளி. எங்கள் மொழியில் கிளியரன்ஸ். கிளியரன்ஸ் குறைந்த பொருத்தம் தானாகச் சத்தம் போடாது. தூசி புகுந்தாலோ சூடு ஏறினாலோதான் முதலில் பிடித்துக்கொள்ளும். குழுக்களின் சராசரியில் தெரியும் இந்த வேறுபாட்டைக் கொண்டு தனி ஒருவரின் வலிக்குக் காரணம் சொல்லிவிட முடியாது என்பதையும் மறக்கவில்லை.

நரம்பியல் அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்த நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். மீதி நேரமெல்லாம் என் கைகளையும் கால்களையும்தான் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டி, பத்து விநாடிக்குள் எத்தனை முறை விரல்களை முழுமையாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணினார். இருபதும் அதற்கு மேலும் வந்தால் இயல்பு என்றார். சட்டைப் பொத்தான் போடுவதில் தாமதமாகிறதா, கையெழுத்து மாறியிருக்கிறதா, கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாட்டம் உண்டா என்று கேட்டார். "நடக்கும்போது செருப்பு காலை விட்டு நழுவுகிறதா? நழுவினால் நழுவியது தெரிகிறதா, தெரியவில்லையா?" என்று அவர் கேட்ட கேள்வி மனத்தில் பதிந்துவிட்டது. பிறகு நடுவிரலின் நகத்தைச் சுண்டி, கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பார்த்தார். முழங்காலையும் கணுக்காலையும் தட்டினார். குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். குனியும்போது முதுகுத்தண்டு வழியே மின்னல் பாய்வதுபோல இருக்கிறதா என்றும் கேட்டார். எல்லாவற்றுக்கும் என் விடை இல்லை என்பதே.

தண்டுவடம் மெல்ல நசுங்கும் நோய் பலருக்கு வலியில்லாமலே வருகிறது என்றும், அதனால்தான் அவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்றும் அவர் சொன்னபோதுதான், அத்தனை நாளும் நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தது புரிந்தது. வலிக்கிறதே என்று பயந்தேன். அட்டவணை காட்டக்கூடிய ஆபத்தோ பொத்தான் போட முடியாமல் போவதிலும் செருப்பு நழுவுவதிலும் இருந்தது. அத்தகைய பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் அறுவை செய்வது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட வழி. லேசாக இருந்தால் அறுவை அல்லது கண்காணிப்போடு கூடிய பயிற்சி. அறுவையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் வந்தார் என்பதைப் பொறுத்தது. மைத்துனரின் அலுவலக நண்பருக்கு 9.2இல் அறுவை நடந்தது என்றால், பெரும்பாலும் அது 9.2க்காக நடந்திருக்காது, அவருடைய கைகால்களுக்காக நடந்திருக்கும். அதைக் கேட்டுச் சொல்லும்படி மைத்துனரிடம் சொன்னேன். நண்பருக்கு டீ டம்ளர் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்ததாம்.

இன்னும் ஒன்று: கால்வாய் நிலையான உருளை அன்று. தலையை அண்ணாந்தால் பின்புறத்து மஞ்சள் தசைநார் மடிந்து உள்ளே புடைக்கிறது, முன்னால் டிஸ்க் சற்றே பின்னால் தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையில் இடம் குறைகிறது. ஸ்கேன் எடுக்கும்போது மல்லாந்து, கழுத்தை இயல்பாக வைத்து, அசையாமல் கிடக்கிறோம். ஆகவே அந்த எண் ஓய்வில் இருக்கும் கழுத்தின் எண். 1954இலேயே ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர், தேய்ந்த கழுத்து உடையவர்கள் முகவாய் அடிபட விழுந்து கழுத்து பின்னால் மடங்கும்போது, எலும்பு முறியாமலே கைகள் செயலிழப்பதையும் கால்கள் ஓரளவு தப்புவதையும் விவரித்திருக்கிறார். என்னைப் போன்றவர்களுக்கு அந்த எட்டரை ஒன்பது மில்லிமீட்டர் உண்மையில் பொருட்படத்தக்கது இங்கேதான். குளியலறையில் வழுக்காத பாய் போட்டேன். எப்போதாவது மயக்கம் கொடுத்து வேறு அறுவை நடந்தால், மூச்சுக்குழாய் பொருத்தக் கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள் என்பதால், மயக்க மருத்துவரிடம் இந்த அறிக்கையை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முடிவெட்டும் கடையில் கடைசியில் தலையைப் பிடித்து இருபக்கமும் படக்கென்று சொடுக்கும் வழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டேன். இருபது ஆண்டாக அதைச் சுகமென்று ரசித்தவன் நான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அண்ணாந்து பார்ப்பது கால்வாயைக் குறுக்குவது மட்டுமன்று. பின்புறத்துச் சிறு மூட்டுகளின்மேல் சுமையையும் ஏற்றுகிறது. உடற்பயிற்சி மருத்துவர் என் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று, "கண்ணாடி பைஃபோக்கலா, சார்?" என்று கேட்டார். ஆம். அதன் கீழ்ப்பாதிதான் கிட்டப்பார்வைக்கு. புத்தகம் படிக்கும்போது அது சரி. ஹைட் கேஜின் அளவுகோல் என் கண் மட்டத்தில் நிற்கிறது, அதைக் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க வேண்டுமானால் முகவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு முறைக்குக் குறையாமல் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். பைஃபோக்கலுக்கு மாறியது எப்போது என்று கண்ணாடிக் கடை ரசீதைத் தேடிப் பார்த்தேன். வலி தொடங்குவதற்கு ஏழு வாரங்களுக்கு முன்.

வேலை நேரத்துக்கென்று கிட்டப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டேன். கழுத்துத் தசைகளுக்கான பயிற்சிகளைக் காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம் செய்தேன், பட்டையைக் கழற்றிவிட்டேன். நான்காவது மாதத்தில் மாலை வலி குறையத் தொடங்கியது. கண்ணாடியா, பயிற்சியா, பயம் போனதா, அல்லது பெரும்பாலான கழுத்து வலிகளைப்போல அதுவாகவே அடங்கியதா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு கழுத்துதான் இருக்கிறது.

ஓர் ஆண்டு கழித்து, கண்காணிப்புக்காக மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தேன், இந்த முறை வேறொரு மையத்தில். சி5–சி6 இல் 9.6 என்று வந்தது. மைத்துனர் முகம் மலர்ந்து, "0.7 கூடியிருக்கு மாமா, பயிற்சிதான் வேலை செஞ்சிருக்கு" என்றார். வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளியின் அகலமே அரை மில்லிமீட்டரைத் தாண்டும். குறுக்குவெட்டு ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் தடிப்பு. அளக்கும் கோட்டை இழுப்பது ஒரு மனிதரின் கை. 8.9க்கும் 9.6க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு புள்ளி. எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பையன் இப்படி இரண்டு எண்களைக் கொண்டுவந்து பாகம் வளர்ந்திருக்கிறது என்று சொன்னால், முதலில் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்வேன். மைத்துனரிடம் அதைச் சொல்லவில்லை, மகிழ்ச்சியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு விரல்களை மூடித் திறந்து எண்ணுகிறேன். வலது கை 24, இடது கை 23. பஞ்சாங்க நாட்காட்டியின் ஓரத்தில் அந்த இரண்டு எண்களையும் பென்சிலால் குறித்து வைக்கிறேன். அளந்தது யார், எப்படி என்று எனக்குத் தெரிந்த எண்கள் அவை.